கோதுமை விளைந்தது, மாவுதான் வரவில்லை

கோவை, தொண்டாமுத்தூர் பக்கத்திலிருந்து

கத்தரி, வெண்டை, அவரை எல்லாம் பழகிப்போன கை. போன கார்த்திகையில் கோதுமை போட்டுப் பார்க்கலாம் என்று இறங்கினேன். வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபது அடி இடம். "நம்மூர்ல கோதுமையா?" என்று வீட்டில் சிரித்தார்கள்.

விதை, மளிகைக் கடையில் வாங்கிய சாதாரண முழுக் கோதுமைதான். ஈரத்துணியில் 100 மணியைக் கட்டி வைத்தேன். மூன்றாம் நாள் 86 முளைத்திருந்தது. எக்டருக்கு 100 கிலோ விதை என்பது பொதுக்கணக்கு, அதாவது சதுர மீட்டருக்கு 10 கிராம். என் இடத்துக்கு 200 கிராம் போதுமானதாக இருந்தது. சாலுக்குச் சால் ஒரு சாண், ஆழம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மூலையில் கடைச் சம்பா கோதுமையையும் போட்டேன். பத்துக்கு மூன்றுகூட எழவில்லை.

முளைத்து வந்தபின் பார்த்தால் புல்தான். பக்கத்து வீட்டு அக்கா "அருகு மண்டிக் கிடக்குதே, பிடுங்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

விதைத்த 21ஆம் நாள் வாக்கில் ஒரு தண்ணீர் கட்டாயம் வேண்டும். மண்ணை ஒட்டிய கணுவிலிருந்து புது வேர் இறங்கும் நேரம் அது. அப்போது காய விட்டால் தூர் கட்டாது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடித்து வராது. தெரிந்தேதான் தப்பு செய்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் கழித்து வந்தேன். நிழல் பக்கத்துப் பாத்தியில் ஒரு விதைக்கு ஐந்தாறு தூர். வெயில் பக்கத்தில் ஒன்று, இரண்டு.

கதிர் வந்து பால் பிடித்ததும் மயில் வந்தது. எங்கள் பக்கம் மயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. விரட்டலாம், வேறொன்றும் செய்ய முடியாது. பழைய கொசுவலை இரண்டைத் தைத்து மேலே கட்டினேன். மயில் நின்றது, ஓரத்து இடுக்கு வழியாகச் சில்லைக் குருவிகள் உள்ளே போய்விட்டன. உள்ளே போகத் தெரிந்ததற்கு வெளியே வரத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவற்றை வெளியே விடுவதிலேயே போனது.

சரியாக 101ஆம் நாள் அறுத்தேன். மணியைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், பல்லில் ஒட்டக்கூடாது, அதுதான் பக்குவம். கதிரை மட்டும் கத்தரியால் வெட்டி, மொட்டை மாடியில் தார்ப்பாயில் நாலு நாள் காயவைத்து, சாக்கில் போட்டுக் கட்டி கம்பால் அடித்தேன். கதிரின் மீசை முள் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு குத்தியது. முழுக்கைச் சட்டை போடாமல் யாரும் இதைச் செய்யாதீர்கள். சுணை கழுத்துக்குள் இறங்கி இரண்டு நாள் அரித்தது.

தூற்றக் காற்று இல்லை. டேபிள் ஃபேனை வைத்தேன். முதல் வேகத்திலேயே பதரோடு மணியும் பறந்தது. அம்மா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முறத்தைக் கேட்டு வாங்கினார். சின்ன வயதில் சோளமும் கம்பும் புடைத்த கை. முக்கால் மணி நேரத்தில் மணி தனியாக நின்றது. நான் புடைத்துப் பார்த்தேன், எல்லாம் என் காலடியில் கிடந்தது.

எடை 2 கிலோ 700 கிராம். நாட்டின் சராசரி விளைச்சல் எக்டருக்கு மூன்றரை டன் அளவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் எனக்கு ஆறரை கிலோ வந்திருக்க வேண்டும். இருந்தாலும் நான் வருத்தப்படவில்லை. வருத்தம் அப்புறம்தான் வந்தது.

மாவு மில்லுக்கு எடுத்துப் போனேன். "அஞ்சு கிலோவுக்குக் கம்மியா மெஷின் போட மாட்டேன் சார்" என்றார். கெஞ்சிக் கேட்டதில் ஒரு கிலோவை மட்டும் போட்டுக் கொடுத்தார். எனக்கு முன்னால் ராகி ஓடியிருக்கிறது. கல்லில் நின்றதெல்லாம் என் பைக்கு வந்துவிட்டது. 100 நாள் பார்த்துப் பார்த்து வளர்த்தது, சப்பாத்தி சாம்பல் நிறம். மீதி கோதுமை டப்பாவில் இருக்கிறது. வீட்டில் கோதுமை போட்டுப் பார்த்த நீங்கள் எல்லாம் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


மதுரை, மொட்டை மாடியிலிருந்து

சார், நீங்களாவது கிலோ கணக்கில் பேசுகிறீர்கள். கிரகப்பிரவேசத்தில் மிஞ்சிய நவதானியத்தில் கோதுமையை மட்டும் பொறுக்கி நாலு க்ரோ பேக்கில் போட்டேன். அதுவும் தை பிறந்த பிறகு. பால் பிடிக்கும் நேரத்தில் பங்குனி வெயில். கதிர் பார்க்க நன்றாக இருந்தது, கையில் உருட்டினால் பாதிக்கு மேல் சாவி, உள்ளே மணியே இல்லை. இருந்த மணியும் சீரகம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. மொத்தம் ஒரு டம்ளர். மதுரையில் ஐப்பசிக் கடைசியைத் தாண்டிப் போடவே கூடாது என்பது என் முடிவு. அந்த ஒரு டம்ளரையும் முளைப்பாரிக்குக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள்.


குருகிராமிலிருந்து

இங்கே தரைத்தளத்து வீடு, வாசலில் கொஞ்சம் மண். கார்த்திகையில் விதைத்தேன், அறுத்தது ஏப்ரல் நடுவில். கிட்டத்தட்ட 150 நாள். கோவைக்காரர் 101 நாள் என்கிறார். வித்தியாசம் முழுக்கக் குளிர்தான்: குளிர் நீண்டால் தூர் கட்டவும் மணி நிரம்பவும் பயிருக்கு நேரம் கிடைக்கிறது. நம்மூர்ச் சூடு அதை அவசர அவசரமாக முதிர வைத்துவிடுகிறது. ஆகவே அந்த ஆறரை கிலோ கணக்கைப் போட்டு மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் தப்பு வேறு. ஆசையில் யூரியாவை இரண்டு முறை அள்ளிப் போட்டேன். இடுப்பு உயரம் வளர்ந்து, மாசியில் அடித்த ஒரு காற்றில் மொத்தமும் படுத்துவிட்டது. ஹோலிக்கு முன்னால் பக்கத்து வீட்டு மாமி பச்சைக் கதிர் கேட்டார், ஹோலித் தீயில் வாட்டித் தின்பார்களாம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினால் பச்சை மணி தனியாக வரும். நம் சோளக்கதிர் வாட்டல் போலத்தான், இன்னும் இனிப்பு. அரைப்பதற்கு முன்பே கால்வாசி அப்படிப் போய்விட்டது.


கோத்தகிரியிலிருந்து

தம்பி, உங்கள் சம்பா முளைக்காததில் ஆச்சரியமில்லை. சம்பா கோதுமைக்கு உமி மணியோடு இறுகப் பிடித்திருக்கும். கடைக்கு வருவது மெஷினில் உமி நீக்கியது. நீக்கும்போது முளையும் அடிபடும். விதைக்கு உமியோடு இருப்பதுதான் வேண்டும்.

அடிக்கும்போதும் இதே தொல்லை. சாக்கில் போட்டு எவ்வளவு அடித்தாலும் கதிர் துண்டு துண்டாக ஒடியும், மணி வெளியே வராது. உரலில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, உலக்கையால் பதமாகக் குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் குறுணைதான் மிஞ்சும். குத்துவதும் புடைப்பதுமாக மூன்று முறை. நாலு படிக்கு ஒரு காலைப் பொழுது போய்விடும். இந்த வேலைக்குப் பயந்துதான் பலர் விட்டுவிட்டார்கள் என்பேன்.

எங்கள் மலையில் பயிருக்கு எதிரி மயில் இல்லை, துரு நோய். ஒரு வருடம் சாதாரணக் கோதுமை போட்டேன். பாத்திக்குள் நடந்து வந்தால் வேட்டி ஓரமெல்லாம் செங்கல் பொடி அப்பியது போல இருக்கும். வட இந்தியச் சமவெளியில் கோடை வெயிலில் துருப் பூஞ்சை பிழைக்காது, மலைகளில்தான் வருடம் முழுக்கத் தங்கும் என்று கண்டுபிடித்தவர் ஆக்ராவின் பயிர் நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா. நீலகிரி, பழனி மலைகளிலிருந்து கிளம்பும் பூஞ்சை வித்துகள் வங்கக் கடல் புயல் காற்றோடு மத்திய இந்தியா வரை போகும் என்பது பின்னால் தெரிந்தது. எங்கள் நீலகிரி வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கோதுமை நிலையம் இருப்பதும் அதனால்தான். இங்கே துருவைத் தாங்கும் ரகம் எங்கேயும் நிற்கும். அவர்கள் எடுத்த சம்பா ரகம் ஹெச்.டபிள்யூ. 1098. குட்டையாக இருப்பதால் சாயாது. நான் போடுவது அதுதான்.


தென்காசியிலிருந்து

எல்லோரும் மாவு, மாவு என்று ஏன் மில்லைத் தேடி அலைகிறீர்கள்? வீட்டில் கிரைண்டர் இருக்கிறதல்லவா?

கால் கிலோ கோதுமையை ராத்திரி ஊறவையுங்கள். காலையில் கிரைண்டரில் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து பால் எடுங்கள். சக்கையைத் திரும்பப் போட்டு இரண்டாம் பால், மூன்றாம் பால். எல்லாவற்றையும் ஒன்றாக வடிகட்டி ஆறு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் கெட்டிப்பால் படியும். மேலே தெளிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் அரைக் கிலோ சர்க்கரையைப் பாகாக்கி, பாலை ஊற்றிக் கைவிடாமல் கிண்ட வேண்டும். நெய் கால் கிலோ, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. குடித்த நெய்யை அல்வா கக்கி, சட்டியில் ஒட்டாமல் சுழன்றால் இறக்கலாம்.

எங்கள் ஊர்ப்பக்கம் இதற்குச் சம்பா கோதுமைதான் எடுப்போம். உங்களிடம் இருப்பதிலும் வரும், நிறம் கொஞ்சம் வெளிறும். உப்புமாவுக்கு வேண்டுமானால் மீதியை வறுத்துத் திருகையில் ஒரு சுற்று உடைத்தால் ரவை. மிக்ஸியில் உடைப்பதானால் 100 கிராமுக்கு மேல் போடாதீர்கள், சூடேறிவிடும்.


மறுபடி தொண்டாமுத்தூர்

தென்காசி அக்கா சொன்னபடியே கால் கிலோ ஊறவைத்தேன். வெள்ளைப் பால் கிரைண்டரிலிருந்து வழியும்போது, மில்லுக்கு நடந்த நடையெல்லாம் வீண் என்று தோன்றியது. கிண்டியதில் தோள் கழன்றது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். "அருகம்புல் அல்வா" என்றுதான் கொடுத்தேன், நம்பவில்லை. சக்கை எதிர்வீட்டு மாட்டுக்குப் போனது. அரைக் கிலோவை விதைக்கு எடுத்து, நன்றாகக் காயவைத்து வேப்பிலை போட்டுக் கட்டியிருக்கிறேன்.

கோத்தகிரி அண்ணா, உமியோடு இருக்கும் சம்பா விதை கால் கிலோ கிடைக்குமா? உரல் பின்கட்டில் கவிழ்ந்து கிடக்கிறது. அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.