சண்டித்தனம் செய்யும் மட்டக்குதிரையைக் கயிற்றில் நடத்திப் பழக்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம்:
எல்லோருக்கும் வணக்கம். போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தையில் ஒரு மட்டம் வாங்கி வந்தோம். ஆண் குட்டி. இரண்டு வயது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், முன்பல் எல்லாம் இன்னும் பால்பல்தான். அண்ணன் பெண்ணுக்காக வாங்கியது. ஏறி உட்கார இன்னும் ஒன்றிரண்டு வருஷம் ஆகும், அதுவரை கயிறு பிடித்து நடக்கவாவது பழக்கலாம் என்றால் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு, இழுக்க இழுக்கக் கழுத்தை நீட்டிப் பின்னால் சாய்கிறது. திரும்பும்போது நேர் எதிர். வீடு கண்ணில் பட்டதும் என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

தெருவில் ஆளுக்கொரு யோசனை. "ரெண்டு போடு தம்பி, தன்னால நடக்கும்" என்பதுதான் முக்கால்வாசிப் பேர் சொல்வது. அடிக்க எனக்கு மனசில்லை. பழக்கிய கை யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வில்லியனூர்:
தாத்தா காலத்தில் எங்கள் வீட்டில் ஜட்கா ஓடியது. இப்போது கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறோம். குட்டி பழக்குவது என் பொறுப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், இழுக்கும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்? முன்னால் போய் அதன் முகத்தைப் பார்த்தபடி இழுத்தால் எந்தக் குட்டியும் வராது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது. சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை பார்த்துவிடும். தெரியாதது நெற்றிக்கு நேர் எதிரே கொஞ்சம், வாலுக்குப் பின்னால் கொஞ்சம். அந்தத் தெரியாத இடத்தில் நின்று முறைத்தால், வழியை மறிக்கிறீர்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். இடது தோளை ஒட்டி நில்லுங்கள். போக வேண்டிய திசையைப் பாருங்கள். நீங்கள் கிளம்புங்கள்.

இரண்டாவது, நேராக இழுக்கவே கூடாது. இழுத்தால் எதிர்ப்பக்கம் சாய்வது அதன் உடம்போடு பிறந்த குணம். 150, 200 கிலோ மிருகத்தோடு இழுபறி வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? அது நின்றதா, கயிற்றை உங்கள் பக்கமாக, பக்கவாட்டில் வாங்குங்கள். தலை திரும்பும், எடை ஒரு காலிலிருந்து மற்றதற்கு மாறும், ஒரு கால் நகர்ந்தே ஆக வேண்டும். கால் எழும்பிய அந்த நொடியிலேயே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். அடி எடுத்து வைத்து முடித்த பிறகு தளர்த்தினால் பாதிப் பாடம் போச்சு. எதைச் செய்தபோது அழுத்தம் போனது என்பதைத்தான் அது மனசில் வைக்கும். நம் ஆட்களில் நிறையப் பேர் இழுப்பதில் கெட்டி. விடுவதில்தான் தாமதம். அதன்பிறகு பழியைக் குதிரை மேல் போடுகிறார்கள்.

இடது கையில் நீளமான மெல்லிய குச்சி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், புளிய மிளாறு போதும். அடிப்பதற்கு இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, அதன் விலாவுக்குப் பின்னால் தொட மட்டும். முதலில் வாயால் "நட", வரவில்லையென்றால் கயிற்றில் லேசாக ஒரு அசைவு, அதற்கும் வரவில்லையென்றால் குச்சியால் தட்டு. எப்போதும் இதே வரிசை. சீக்கிரமே "நட" என்ற சொல்லுக்கே கால் எழும்பும்.

அதற்கும் மசியாத குட்டிக்குப் பின்கயிறு போடுவோம். பெருவிரல் கனப் பருத்திக் கயிறு, நுனியில் இறுகாத முடிச்சில் பெரிய வளையம். வளையம் முதுகிலிருந்து இறங்கி, வாலுக்குக் கீழே பின்தொடையைச் சுற்றி வரும். மீதிக் கயிறு தலைக்கயிற்று வளையத்துக்குள் நுழைந்து உங்கள் கைக்கு வரும். வா என்று முன்னால் ஒரு சின்ன அசைவு, கூடவே பின்னாலிருந்து ஒரு சின்ன அணைப்பு. தாய்க்குதிரை மூக்கால் தள்ளுகிற மாதிரி. முதல் தடவை சில குட்டிகள் துள்ளிவிடும், அதனால் சுற்றிலும் வேலி உள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

தலைக்கயிற்றையும் பாருங்கள். மூக்கின் மேல் வரும் பட்டை, கன்ன எலும்பு முடிகிற இடத்திலிருந்து இரண்டு விரல் கீழே இருக்க வேண்டும். அதைவிட இறங்கினால் அங்கே எலும்பு மெலிசு, வலிக்கும். வாயில் கடிவாளம் இப்போது வேண்டவே வேண்டாம். இரண்டரை வயதில் நடு முன்பல் விழத் தொடங்கும், அந்த நேரத்தில் கடைவாய்ப் பல்லிலும் சிலது மாறும். ஈறு புண்ணாக இருக்கிற வாயில் இரும்பை வைத்து இழுத்தால் ஆயுசுக்கும் வாயைத் திறக்காது.

ஒரு நேரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

கடலூர் முதுநகர்:
இவ்வளவு எதற்கு? ஒரு கையில் வெல்லக்கட்டியைக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தால் பின்னாலேயே வரும். எங்கள் பக்கத்து வீட்டு மட்டம் அப்படித்தான் ஊரைச் சுற்றுகிறது.

வில்லியனூர்:
வரும். கையில் வெல்லம் இல்லாத நாளில் விரலையும் சட்டைப் பையையும் கடிக்கும். இரண்டு வயது ஆண் குட்டிக்கு எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயசு, அதற்குக் கையிலிருந்து தின்னப் பழக்கினால் அப்புறம் அதை மறக்கடிக்கவே தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டும். பாராட்ட நினைத்தால் பிடரி முடியும் இடத்தில், தோளுக்கு மேலே, விரலால் நன்றாகச் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பே நிதானப்படும். கொள்ளு தொட்டியில் இருக்கட்டும்.

தேவனாம்பட்டினம்:
சில்வர் பீச்சில் குதிரை வைத்திருப்பவர்களோடு பல வருஷம் சுற்றியவன் நான். வில்லியனூர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மீதிக் கயிறு இடது கையில் எட்டுப் போல மடித்துக் கிடக்கட்டும், உள்ளங்கையைச் சுற்றி வளையமாக வேண்டாம். மாசி மகத்துக்குச் சாமிகள் கடற்கரைக்கு வந்த நேரம், மேளம் அடித்ததில் மிரண்ட ஒரு மட்டம் ஓடியபோது, கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்த பையனை மணலில் கொஞ்ச தூரம் இழுத்துப் போனதைக் கண்ணால் பார்த்தேன். மணலாக இருந்ததால் விரலோடு போனது. கயிறு பத்தடியாவது இருக்கட்டும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள், காலை மிதித்தால் தெரியும்.

இன்னொன்று. நிற்பதெல்லாம் சண்டித்தனம் இல்லை. எங்கள் பக்கம் ஒரு செவலைக் குட்டி அலை நுரை காலுக்குக் கீழே வந்ததும் கல்லாகிவிடும். நுரை பின்வாங்கும்போது தரையே நகர்வதாக அதற்குத் தோன்றும் போல. ரோட்டில் வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, தேங்கின தண்ணீர் எல்லாம் இதே கதைதான். பயந்த குதிரை தலையைத் தூக்கும், காது விறைக்கும், மூக்குத் துவாரம் விரியும். கிட்டத்தில் கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் தலையைத் தாழ்த்தி முகர்ந்து பார்க்கும். அப்போது கயிற்றைக் கொஞ்சம் விட்டு, பார்க்க விடுங்கள். பார்த்து முடித்தால் பெருமூச்சு விடும், வாயை மெல்லும். அதற்குப் பிறகு "நட" சொல்லுங்கள். பிடிவாதம் என்றால் தலை சும்மா இருக்கும், காது மட்டும் பின்னால் படியும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்தால் பயம்தான் கூடும்.

வெயில் நேரத்தில் பழக்காதீர்கள். வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி மாட்டையும் குதிரையையும் வேலை வாங்கக் கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. முள் வைத்த கடிவாளமும் முள் குச்சியும் அதே விதியில் தடைதான். அதைச் சொன்னால் இங்கே சிலருக்குக் கோபம் வருகிறது.

திருவந்திபுரம்:
எங்கள் ஊர் மலையிலேயே குதிரை முகத்தோடு ஹயக்ரீவர் உட்கார்ந்திருக்கிறார், அதனால் இந்தப் பேச்சில் எனக்கும் உரிமை உண்டு. படிப்பு கால்நடை மருத்துவம்.

பழக்குவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பாருங்கள். நாலு குளம்பையும் தூக்கி, நடுவில் இருக்கும் முக்கோணச் சதையின் இரு பக்கக் குழியைச் சுத்தம் செய்யுங்கள். கறுப்பாக அழுகி நாற்றம் அடித்தால் மருந்து போட வேண்டும், நம் ஊர் மழைக்காலத்தில் ஈரத்தில் நிற்கிற குதிரைகளுக்கு இது சகஜம். சின்ன ஆணி, கல் எது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். ரண ஜன்னி (டெட்டனஸ்) குதிரையைத் தாக்குவது போல வேறு வீட்டு விலங்கு எதையும் அவ்வளவு சுலபமாகத் தாக்காது, தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உள்ளூரில் குதிரை பார்க்கிற டாக்டர் கிடைக்காவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போகலாம்.

அப்படியே காயடிப்பது பற்றியும் பேசிவிடுங்கள். சின்னப் பெண் பிடித்து நடத்தப் போகிற குதிரை என்றால் அது நல்லது. இரண்டு வயது அதற்குச் சரியான வயசுதான்.

மஞ்சக்குப்பம்:
சில வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. குளம்பு சுத்தமாக இருந்தது. தலைக்கயிறுதான் மூக்கில் ரொம்பக் கீழே தொங்கியது, மாற்றினோம்.

கேட் விஷயம் பக்கவாட்டுத் திருப்பலிலேயே முடிந்தது. முதல் நாள் ஒரே ஒரு கால்தான் எடுத்து வைத்தது, உடனே தளர்த்தி, சொறிந்து கொடுத்து, உள்ளே கூட்டிப்போய்விட்டேன். தெருவே சிரித்தது. இப்போது கெடிலக்கரை வரை தொய்ந்த கயிற்றோடு வருகிறது. பின்கயிறு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு ஓடுவதுதான் ரொம்ப நாள் இழுத்தது. என் தோளைத் தாண்டி முன்னால் போனால் உடனே ஒரு வட்டம் அடித்துத் திரும்பவும் அதே திசை. ஒரு நாள் வீட்டுக்கு வர அரை மணி நேரம் வட்டமே அடித்தோம். கூடவே இன்னொன்றும் செய்தேன். கேட் வரை வந்து, உள்ளே போகாமல், தாண்டி அடுத்த முனை வரை போய்த் திரும்புவது. உள்ளே வந்ததும் தீவனம் வைப்பதையும் நிறுத்தினேன், கொஞ்ச நேரம் கட்டி வைத்த பிறகுதான் தொட்டி. வீட்டுக்குப் போனால் கொள்ளு என்ற கணக்கு உடைந்ததும் ஓட்டம் நின்றது. அம்மாவுக்கு மட்டும் இதில் வருத்தம், "பாவம், நடந்து வந்த குழந்தை" என்று தவிட்டை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

ஒரு சந்தேகம். வலது பக்கம் நின்று பிடித்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி விழிக்கிறது. நெல்லிக்குப்பம் ரோட்டில் கரும்பு லாரி வந்தால் உள்ளே என் மேல் ஒண்டுகிறது. இடது பக்கமே போதுமா?

வில்லியனூர்:
போதாது. இடப்பக்கம் கற்றதை வலப்பக்கம் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும், குதிரை அப்படித்தான். அதிலும் நம் ரோட்டுக்கு வலப்பக்கம்தான் அவசியம். நாம் இடது ஓரமாகப் போகிறோம், வண்டி நமக்கு வலப்பக்கம் கடக்கிறது. நீங்கள் குதிரைக்கு இடது பக்கம் நடந்தால் லாரிக்குப் பக்கத்தில் குதிரை, அது மிரண்டால் உங்கள் மேல் ஏறும், இல்லையென்றால் பின்புறத்தை ரோட்டு நடுவில் வீசும். நீங்கள் குதிரைக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்து, தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிப் பிடித்தால் அதன் பின்புறம் ஓரத்துப் புல் பக்கம் போகும். வீட்டுக்குள்ளேயே பாதி நேரம் வலப்பக்கம் நின்று பழக்குங்கள். கரும்பு லாரிக்கு, நின்றிருக்கிற லாரியிலிருந்து ஆரம்பியுங்கள். ஆலைப் பக்கம் வரிசையாக நிற்குமே, டிரைவரிடம் கேட்டால் என்ஜினைப் போட்டு நிறுத்தியும் காட்டுவார். தோகை இரண்டு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைத் தொட்டியில் போடுங்கள்.