புதுப்பிப்பு: கம்பளி ஃபெல்ட் பயிற்சியும் மீந்த பின்னல் நூலும்

கைவினைக் குழுவின் ஃபெல்ட் (நெய்யாமல், கம்பளி இழைகளைச் சிக்கவைத்துச் செய்யும் துணி) பயிற்சியில் சேரவிருப்பதாகக் கூறி, வீட்டில் மீந்த பின்னல் நூலை அதற்குப் பயன்படுத்தலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். உறையில் ‘சூப்பர்வாஷ்’ என்று அச்சிட்டிருந்தால் அந்த நூல் உதவாது என்பதே விடை. கம்பளி இழையின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் வெந்நீரிலும் சோப்பிலும் விரிந்து, தேய்க்கத் தேய்க்க ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால்தான் ஃபெல்ட் உருவாகிறது. சூப்பர்வாஷ், அதாவது இயந்திரத்தில் துவைப்பதற்கெனப் பதப்படுத்திய நூலிலோ அச்செதில்கள் மழுக்கப்பட்டோ பூச்சினால் மூடப்பட்டோ இருக்கும்.

ஆகவே நூற்காத மெரினோ ஆட்டுக் கம்பளியைக் கொண்டு, உடையில் குத்திக்கொள்ளும் ஒரு பூ ப்ரோச்சும், அடுத்துச் சிறு கைப்பையும் செய்தோம். இழைகளை மெல்லிய அடுக்குகளாக, ஒன்றை நெடுக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் பரப்பி, சோப்பு நீர் தெளித்து, தொடக்கத்தில் வருடுவதுபோல் மட்டுமே தேய்க்க வேண்டும். விரல் நுனியால் கிள்ளித் தூக்கும்போது இழைகள் தனித்தனியே எழாமல் முழு விரிப்பும் சேர்ந்து எழுந்தால், பாயில் சுருட்டி அழுத்தி உருட்டலாம். தோள் வலிக்கும் வேலை இதுதான். பயிற்சி அறிவிப்புகளில் இதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை!

உருட்டும் திசையிலேயே கம்பளி அதிகம் சுருங்குவதால், அவ்வப்போது திருப்பி வைத்து எல்லாத் திசைகளிலும் உருட்ட வேண்டும். நீள அகலங்களில் மூன்றில் ஒரு பங்கு வரை குறையக்கூடும் என்பதால், பைக்கான மாதிரி வடிவை அதற்கேற்பப் பெரிதாக வெட்டினோம். கடைசி அலசலில் சிறிது வினிகர் சேர்த்தால், சோப்பின் காரத்தன்மை இழைகளில் தங்குவதில்லை.