மறு: மறு: கோயில் தோப்பு மருந்துச் செலவு, ஆளுக்கு 2,000

வாத்தியார் வீட்டுச் சின்னவன், ஷார்ஜா:

செயலாளர் அண்ணனுக்கு வணக்கம். பணம் கேட்டு நீங்கள் போட்ட மடல் வந்த அன்று நான் ஊரில்தான் இருந்தேன். தோப்பை ஒரு நடை பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று போனேன். இப்போது அனுப்பக் கை வரவில்லை.

கஜா புயலுக்குத் தப்பிய தென்னை மரங்களைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. மட்டைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை ஈ, மேலே கரி பூசியது போலக் கரும்பூசணம். அதற்காகத்தான் வேரில் மோனோ, அதாவது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து, கட்டியிருக்கிறார்கள். பென்சில் பருமன் இளவேரைச் சாய்வாகச் சீவி, பாலித்தீன் பையில் 10 மில்லி மருந்தும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் கட்டுவது நம் அப்பாமார் காலத்துப் பழக்கம்தான். தென்னோலையைத் தின்னும் கருந்தலைப் புழுவுக்கு வேளாண் பல்கலைக்கழகமே சொல்லிக்கொடுத்தது. கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்றும் அவர்களே சொன்னார்கள். நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பை கட்டிய ஒன்பதாம் நாள் ஆடி வெள்ளிக்கு இளநீர் வெட்டியிருக்கிறார்கள். அபிஷேகம் போக மீந்ததைப் பிள்ளைகள் குடித்திருக்கிறார்கள்.

அதைவிடப் பகீரென்றது மடப்பள்ளியில். விளக்கெண்ணெய் இருந்த டப்பாவைத் திருப்பினால் சிவப்பு முக்கோணம், மண்டை ஓடு. பழைய மோனோ டப்பா. "சாம்பல் போட்டு மூணு தரம் கழுவிட்டேன் தம்பி" என்கிறார் பூசாரித் தாத்தா. 2013இல் பீகாரில் சாப்ரா பக்கம் பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில் 23 பிள்ளைகள் செத்தது இதே மருந்து எண்ணெயில் கலந்திருந்ததால்தான். பக்கத்து அடுப்பில்தான் நம் அன்னதானம் வேகிறது.

அப்புறம் இன்னொன்று. 2023 செப்டம்பர் கடைசியில் மத்திய அரசு டைகோஃபால், டைனோகேப், மெத்தோமில் என்ற மூன்று பயிர் மருந்துகளோடு மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதத்தையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. மோனோவுக்கு மட்டும் கையிருப்பைத் தீர்க்க ஒரு வருடம் விட்டார்கள். அந்தக் கெடுவும் முடிந்துவிட்டது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே சொன்ன மருந்து இது. பட்டுக்கோட்டையில் ஒரு கடையில் பில் போடாமல் கொடுக்கிறார்களாம். அதற்கா நாம் பணம் போடுகிறோம்?

வெள்ளை ஈக்கு மருந்தே அடிக்காதே என்பதுதான் பல்கலைக்கழகத்தின் பேச்சு. என்கார்சியா என்று ஒரு பொடிக் குளவி வெள்ளை ஈக் குஞ்சுக்குள் முட்டை வைத்து அதை அழிக்கிறது. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடலாம். கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அடித்தால், காய்ந்ததும் அப்படியே உரிந்து விழும். நம் பக்கத்திலேயே வேப்பங்குளம் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

*

கணக்குப்பிள்ளை வீடு, சிங்கப்பூர்:

தடை, குளவி எல்லாம் இருக்கட்டும். செலவுப் பட்டியலில் "மோனோ 12 லிட்டர்" என்று இருக்கிறது. மரத்துக்கு 10 மில்லி என்றால் 1,200 மரம். கோயில் தோப்பில் கஜாவுக்கு முன்பே 210 மரம்தான். புயலுக்குப் பிறகு நின்றது 64. நாம் பணம் கொடுத்து வைத்த கன்று 150. கன்றுக்கும் சேர்த்துக் கட்டியிருந்தாலும் மூன்று லிட்டர் தாண்டாது. மிச்சம் யார் தோப்பு வேருக்குப் போனது?

கன்றுக் கணக்கே இன்னும் வரவில்லை. 2019 பொங்கலுக்குள் தருகிறேன் என்றவர் யார் என்று எழுதினால் மனஸ்தாபம் வரும். அவருக்கே தெரியும். பில் இல்லாத மருந்துக்கு வவுச்சர் எப்படி எழுதினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

*

மேலவீட்டுப் பெரியப்பா, கிள்ளான்:

தம்பிமார்களே, இதைத் தனியாகப் போன் போட்டுப் பேசியிருக்கலாம். இந்தக் குழுவில் பக்கத்து ஊர் மாப்பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். நம் ஊர்க் காய் என்றால் காங்கேயத்து வியாபாரி விலை பேசாமல் ஏற்றிய காலம் உண்டு. இனி "விஷத் தேங்காய் ஊர்" என்பான். திருப்திதானா?

எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்துக்குத் தடை வந்தபோதும் விவசாயமே போச்சு என்றார்கள். போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தென்னைக்குப் புரோட்டா மாவு அடி என்று ஷார்ஜாவிலிருந்து பாடம் எடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. உன் தாத்தா அந்தத் தோப்புக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கினார். கூடத் தூக்கியவன் நான். நீ வந்தது பத்து நாள் லீவு. தேர் வேலைக்கு எல்லாரும் கொடுத்த வருடம் வாத்தியார் வீடு எவ்வளவு கொடுத்தது என்று நான் கேட்டேனா?

12 லிட்டர் விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. என் தோப்பைக் குத்தகைக்கு விட்டு ஆறு வருடம் ஆகிறது. யாரும் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

*

மச்சு வீட்டு மருமகள், லண்டன்:

பெரியப்பாவுக்கு நமஸ்காரம். உங்கள் தோப்பை யாரும் சொல்லவில்லை. நீங்களாகச் சொன்னதுதான்.

நான் எழுத வேண்டாம் என்று இருந்தேன். என் அப்பா நெல்லுக்கு மருந்தடித்துவிட்டு வந்து திண்ணையில் சாய்ந்த சாயங்காலம் எனக்கு ஒன்பது வயது. சட்டை இல்லாத முதுகில் தெளிப்பான் ஒழுகியிருக்கிறது. வாயில் எச்சில் வழிந்தது, வேர்த்துக் கொட்டியது, கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. பேய் அடித்தது என்று வேப்பிலை கொண்டுவந்தவர்களைத் தள்ளிவிட்டு வண்டி கட்டியவர் நீங்கள்தான் பெரியப்பா. பட்டுக்கோட்டையில் விடிய விடிய அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். இந்த வகை மருந்து நரம்புக்கும் தசைக்கும் நடுவே சேதியை நிறுத்தவிடாமல் செய்துவிடுகிறது என்று நர்சிங் படித்தபோதுதான் புரிந்தது. அன்றைக்கு வண்டி கட்டின நீங்கள் இன்றைக்கு வியாபாரி என்ன சொல்வான் என்கிறீர்கள்.

மருந்துக்கு என் பங்கு கிடையாது. மஞ்சள் அட்டைக்கும் மைதாவுக்கும் என்றால் 2,000 என்ன, 5,000 தருகிறேன். கணக்குப்பிள்ளை வீட்டு அண்ணன் பெயருக்குத்தான் அனுப்புவேன்.

பூசாரித் தாத்தாவுக்கு மூடியோடு இரண்டு எவர்சில்வர் தூக்கு வாங்கிக் கொடுக்கச் சொல்லி என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். பழைய டப்பாவை வேறு யாரும் எடுக்காதபடி குத்தி நசுக்கிவிட்டானாம். தூக்குக்குப் பில் வாங்கி வைத்திருக்கிறான் அண்ணே.