காட்டுக்குள்ள இருக்கிற கோல்ஃப் கோர்ஸ்ல உங்களைப் படுத்தின ஹோல் எது?

மணல்மேடு (டர்பன்):
மூணு வாரமா மனசு ஆறல, அதான் கேக்கறேன். டர்பனுக்கு வடக்குக் கடற்கரையில ஒரு கோர்ஸ், பேர் வேணாம். 14ஆவது ஹோல், பார் 4, அதாவது நாலு அடியில முடிக்கணும். முதல் அடி அடிக்கிற டீ மேட்டுல, கீழ பள்ளம் முழுக்க மரம். இடது பக்கம் ஃபேர்வே, வெட்டின புல்தரை, தாராளமா விரிஞ்சிருக்கும். ஆனா அங்கேர்ந்து குழி இருக்கிற கிரீனுக்கு 170 மீட்டர், கிரீனும் குறுக்க படுத்திருக்கும், முன்னால பங்கர், மணல் பள்ளம். வலது பக்கம் மரத்துக்கு மேல தூக்கிட்டா வெட்ஜால ஒரு கிட்டத்து அடிதான் மிச்சம், கிரீன் நீளவாக்குல வாயைத் திறந்துட்டு நிக்கும்.

ஆட்டக் கணக்குல நான் ஒரு அடி முன்னால இருந்தேன். கூட வந்த மூணு பேரும் இடது பக்கம் போட்டாங்க. நான் ரொம்பத் தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையை எடுத்தேன். நல்லாத்தான் பட்டுச்சு. மர உச்சியைத் தாண்டினதும் பந்து ஆகாசத்துல அப்படியே தயங்குச்சு. வடகிழக்குக் காத்து! டீயைச் சுத்தி மரம் இருந்ததால கீழ இலைகூட அசையல. அப்புறம் 'டொக்'. மில்க்வுட் மரம். விழுந்த சத்தம் வரவேயில்ல. ஒரே ஒரு இலை சுத்திச் சுத்தி இறங்கிச்சு. பையைத் தூக்கிட்டு வந்த கேடி மெதுவா, "உச்சியைப் பாத்திருக்கணும் சார்"னார். முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

கோவை_டூ_ஜோபர்க்:
அண்ணே, சன் சிட்டி ரிசார்ட்ல லாஸ்ட் சிட்டி கோர்ஸோட 13ஆவது ஹோல் ஆடியிருக்கீங்களா? பார் 3, கிரீனை ஆப்பிரிக்கா வரைபடம் மாதிரி வெட்டியிருப்பாங்க, கீழ முதலைக் குளம். அன்னிக்குக் கொடி சோமாலியா மூக்குல. கம்மியா அடிச்சுட்டேன். பந்து குளத்தோரம் போய் நின்னுச்சு, ஒரு முதலை அதுக்கு ரெண்டு அடி தள்ளி வாயைப் பொளந்துட்டுக் கெடக்கு. என் பக்கம் திரும்பவே இல்ல, பந்தையே பாத்துட்டிருந்துச்சு. இன்னிக்கும் பார் 3 டீல நின்னா அந்த வாய்தான் ஞாபகம் வருது.

பழைய_கேடி_மகன்:
தம்பி, அது கட்டின காடு. முதலை பயம் காட்டும், யோசிக்க வைக்காது. தாண்டினா தாண்டினே, இல்லாட்டி போச்சு. மணல்மேடு சொல்ற ஹோல்தான் காட்டு ஹோல். காடு உனக்கு ரெண்டு வழி காட்டும், சுலபமான வழி உன்னைத் தப்பான கோணத்துல கொண்டுபோய் நிறுத்தும்.

டர்பன் கன்ட்ரி கிளப் 3ஆவது ஹோலைப் போய்ப் பாரு. 1922லேர்ந்து இருக்கிற கோர்ஸ். மணல் மேட்டை இடிக்காம, மேட்டுக்கு நடுவுல போற பள்ளத்தையே ஃபேர்வேயா வச்சிட்டாங்க. உசந்த டீ, ரெண்டு பக்கமும் புதர். அங்கேர்ந்து பாத்தா ஃபேர்வே வேட்டிக்கரை மாதிரி தெரியும். கீழ இறங்கினாத்தான் இவ்வளவு அகலமான்னு தோணும். 12ஆவது ஹோல்ல அந்தக் கால வேல்ஸ் இளவரசரோட பந்து கிரீனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா உருண்டு உருண்டு, அவர் ஏகப்பட்ட அடி அடிச்சார்னு கதை. தண்ணியுமில்ல, முதலையுமில்ல. ரெண்டு பக்கமும் சரிவு, அவ்வளவுதான்.

எங்கப்பா காலத்துல, நிறவெறி ஆட்சி நடந்தப்போ, நம்மாளுங்க அந்த மாதிரி இடத்துக்குள்ள போகணும்னா பையைத் தூக்கிட்டுத்தான் போகணும். நம்ம இந்திய வம்சாவளி கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலமும் கேடியா இருந்தவர்தான். வலது கை மேல, இடது கை கீழன்னு தலைகீழாப் பிடிச்சு அடிப்பார். 1963ல நேட்டால் ஓப்பன் ஜெயிச்சவருக்கு வெளியில மழையில வச்சுக் கோப்பை கொடுத்தாங்க, வெள்ளைக்காரங்க உள்ள இருந்தாங்க. 1965ல உலகப் பெரிய வீரர் கேரி பிளேயரையே தோற்கடிச்சு மறுபடி ஜெயிச்சார். அப்பா எப்பவும் சொல்வார், "பாப்வா காட்டைப் பாக்க மாட்டார்டா, அடுத்த அடியை எங்கேர்ந்து அடிக்கணும்னுதான் பாப்பார்."

கோவை_டூ_ஜோபர்க்:
சரிங்கய்யா, ஆனா அந்த வாயை நீங்க பாக்கல.

ஷாலினி_பீனிக்ஸ்:
என்னோடது சின்னக் கதை. ஃபேர்வே நடுவுல கெடந்த என் பந்தைக் குரங்கு தூக்கிட்டு மரத்துல ஏறி, கடிச்சுப் பாத்துட்டு, கீழ போட்டுடுச்சு. அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் கேட்டுக்கோங்க. நின்ன பந்தைக் குரங்கு எடுத்தா தண்டனை அடி கெடையாது, இருந்த இடத்தைக் கணக்குப் பண்ணித் திரும்ப வைக்கணும். என்கூட ஆடினவர் ஒரு அடி சேத்து எழுதிட்டார், அந்தக் கோவம் இன்னும் இருக்கு. பந்து புதருக்குள்ள போற மாதிரி இருந்தா, தேடப் போறதுக்கு முன்னாடி 'ப்ரொவிஷனல்', அதாவது தற்காலிகப் பந்துன்னு, வாய்விட்டுச் சொல்லி இன்னொண்ணு அடிங்க. சொல்லாம அடிச்சா அதுவே ஆட்டப் பந்து. தேட 3 நிமிஷம்தான், 2019லேர்ந்து. முந்தி 5. கெடச்சாலும் கிக்கூயுங்கற அடர்த்தியான புல்லுக்குள்ள அமுங்கியிருந்தா, தூரமா அடிக்கிற 'வுட்' மட்டையை எடுக்காதீங்க, வெட்ஜால பக்கவாட்டுல வெளிய தட்டுங்க. அப்புறம் தயவுசெஞ்சு புதருக்குள்ள கையை விட்டுத் துழாவாதீங்க. இந்தக் கரையில பச்சை மாம்பாங்கற விஷப்பாம்பு இருக்கு, இலைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. மணல்மேடு அண்ணே, அந்த 14ல 5 அயர்ன் மட்டையை வச்சுட்டு இடது பக்கமே...

மணல்மேடு:
ஷாலினி, நேத்து அதைத்தான் பண்ணேன். இடது பக்கம், 5 அயர்ன், முன்னால இருந்த பங்கர், கடைசில போகி, பாரைவிட ஒரு அடி கூட. போற வழியில அந்த மில்க்வுட் கீழ குச்சியால கிளறிப் பாத்தேன், கையை விடல. நாலு பந்து கெடந்துச்சு. ஒண்ணுகூட என்னோடது இல்ல.