தாத்தா வீட்டுக் கூட்டம் (வாட்ஸ்அப் குழு)

ஞாயிறு, காலை 8:12

அம்மா: நிலா பேசுகிறேன். கணக்கு டெஸ்டில் “சதுரம் ஒரு செவ்வகம்: சரியா, தவறா?” என்று கேட்டார்கள். தவறு என்று எழுதினேன். ஒரு மார்க் போச்சு 😭

மீனா அத்தை: நீ எழுதியதுதானே சரி கண்ணு! செவ்வகம் என்றால் நீட்டமாக இருக்கும்.

ராசு பெரியப்பா: மீனா, சும்மா இரு. நீட்டமாக இருக்கணும் என்று யார் சொன்னது? நாலு மூலையும் 90 டிகிரி, செவ்வகத்துக்கு அவ்வளவுதான். சதுரத்தின் மூலை 90 இல்லையா?

மீனா அத்தை: அப்போ செவ்வகம் எல்லாமே சதுரமா அண்ணா?

ராசு பெரியப்பா: தங்கை எல்லோரும் பெண்தான். பெண் எல்லோரும் எனக்குத் தங்கையா?

மீனா அத்தை: 🤐

அம்மா: நிலாதான். சதுரம் சாய்சதுரமும்தானா பெரியப்பா?

ராசு பெரியப்பா: ஆமாம்டா. சாய்சதுரத்துக்கு நாலு பக்கமும் சமமாக இருந்தால் போதும், மூலையைப் பற்றிக் கவலையே இல்லை. நாலு ஈர்க்குச்சியை ஒரே அளவில் ஒடித்து, நுனிகளை நூலால் கட்டிப் பார். நிமிர்த்தினால் சதுரம். ஒரு மூலையை அழுத்தினால் சாய்ந்துவிடும், குச்சி அதே குச்சிதான்.

முருகன் சித்தப்பா: 📷 படம்

முருகன் சித்தப்பா: அண்ணே, சைட்டில் முளை அடித்துக் கயிறு கட்டியாச்சு. எதிரெதிர்ப் பக்கம் 40, 40. அப்புறம் 30, 30. டேப் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டச் சொல்லட்டுமா?

ராசு பெரியப்பா: பொறு. மூலைக்கு மூலை பிடித்தாயா?

முருகன் சித்தப்பா: அது எதுக்கு? பக்கம்தான் சரியாக இருக்கே.

ராசு பெரியப்பா: முதலில் பிடி.

காலை 8:41

முருகன் சித்தப்பா: ஒன்று 51 அடி. இன்னொன்று 49 அடிக்குக் கால் அங்குலம் குறைவு 😬

ராசு பெரியப்பா: நீ கட்டியிருப்பது செவ்வகம் இல்லை தம்பி, இணைகரம். 30க்கு 40 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 50 வரணும். இப்படியே சுவர் எழுப்பியிருந்தால், டைல்ஸ் ஒட்டும்போது சுவரோரம் முழுக்க ஆப்பு ஆப்பாக வெட்டியிருப்பாய்.

கதிர்: போட்டுப் பார்த்தேன். இணைகரத்தில் இரண்டு மூலைவிட்டங்களின் வர்க்கத்தைக் கூட்டினால் நாலு பக்கங்களின் வர்க்கக் கூட்டல் வரும். இங்கே 5000. அதில் 51இன் வர்க்கம் 2601 போனால் 2399. வர்க்கமூலம் 48.98. சித்தப்பா டேப் பிடித்தது துல்லியம்!

முருகன் சித்தப்பா: டேப் சரி, வீடுதான் கோணல் 😂 இப்போ என்ன செய்ய அண்ணே?

ராசு பெரியப்பா: ஒரு 40 அடிக் கயிற்றைத் தொடாதே. எதிர்ப்பக்கத்து முளை இரண்டையும் கயிற்றின் போக்கிலேயே ஒன்றேகால் அடி தள்ளு, 51 குறைகிற பக்கமாக. அப்புறம் 30ஐ மறுபடி பிடித்துக்கொள்.

மீனா அத்தை: பாட்டி முறத்தில் புடைத்துக்கொண்டே கேட்கிறார்கள், முறம் எதில் சேருமாம்?

ராசு பெரியப்பா: பின்பக்கமும் வாய்ப்பக்கமும் இணை, மற்ற இரண்டும் விரிந்து போகும். சரிவகம். ஓரம் கொஞ்சம் வளைந்திருக்கும், அதை விடு.

காலை 9:20

முருகன் சித்தப்பா: 50, 50. நூல் வித்தியாசம்கூட இல்லை. தோண்டச் சொல்லிவிட்டேன்.

மீனா அத்தை: நிலா, போன மார்க்குக்குச் சித்தப்பாவிடம் ஐஸ்கிரீம் கேள்.

அம்மா: நிலா ஈர்க்குச்சி ஒடிக்கிறேன் என்று என் புது விளக்குமாற்றைப் பிரித்துவிட்டாள் 😡