தொழுதும் மனம் அடங்கவில்லை: என் ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறையா?

தேடல்:
அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா (என் தந்தை) மவ்த்தாகி, அதாவது இறந்து, ஏழு மாதங்கள் ஆகின்றன. ஐந்து வேளையும் தொழுகிறேன், ஃபஜ்ர் எனும் வைகறைத் தொழுகைக்குப் பின் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுகிறேன். ஆனாலும் இரவில் படுத்தால் நெஞ்சு அடைத்துக்கொண்டு, பல நாட்கள் விடியும் வரை உறக்கமே வருவதில்லை. அவர் தொழுத கோரைப்பாயில்தான் நானும் தொழுகிறேன். நெற்றி படும் இடத்தில் சாயம் போய் வெளுத்திருக்கிறது. அங்கே தலை வைத்ததும் ஓத வேண்டியது மறந்து கண்ணீர் வந்துவிடுகிறது. அல்லாஹ்வை நினைவுகூர்வதால்தான் உள்ளங்கள் அமைதி பெறுகின்றன என்று குர்ஆன் (13:28) சொல்லும்போது, அந்த அமைதி எனக்கு மட்டும் வாய்க்காதது ஏன்? இவ்வளவு நாள் அழுவது விதியைப் பொருந்திக்கொள்ளாததன் அடையாளம் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து, என் ஈமானிலேயே குறை இருக்கிறதோ என்று அஞ்சுகிறேன்.

உம்மு மர்யம்:
வ அலைக்கும் ஸலாம், சகோதரரே. அல்லாஹ் உங்கள் அத்தாவின் கப்ரை (மண்ணறையை) விசாலமாக்குவானாக. உறவினர் சொன்னதை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். மகன் யூசுஃபைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின என்று குர்ஆனே (12:84) சொல்கிறது. அவர் ஈமானை யார் குறை சொல்ல முடியும்? அழகிய பொறுமை என்று சொன்னவரும் அவர்தான், என் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று சொல்லி அழுதவரும் அவர்தான். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மடியில் உயிர் பிரியும் தறுவாயில் இருந்தபோது அவர்கள் கண்ணீர் சிந்த, நீங்களுமா என்று தோழர் கேட்டார். இது இரக்கம் என்று விடை கூறியவர்கள், கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, ஆனால் நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் நாம் சொல்வதில்லை என்றார்கள். தடுக்கப்பட்டது விதியை நொந்து நாவால் புலம்புவதுதான், கண்ணின் நீர் அல்ல.

ஓதும் மாணவன்:
தேடல், நீங்கள் காட்டிய 13:28 வசனத்தில் அமைதிக்கு வரும் சொல் 'தத்மஇன்னு'. ருகூவிலும் (குனிந்து நிற்கும் நிலை) ஸுஜூதிலும் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலை) உறுப்புகள் அசைவின்றி நிலைகொள்வதை ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டத்தில் 'துமஃனீனா' என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பள்ளியில்) அது ஃபர்ளு, அதாவது கட்டாயக் கடமை; ஹனஃபியில் வாஜிப், அதாவது அதற்கு அடுத்த நிலைக் கடமை. அவசரமாகத் தொழுத ஒருவரை, "திரும்பிச் சென்று தொழும், நீர் தொழவில்லை" என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பியதும் இதற்காகவே. உள்ளம் உடனே அடங்காவிட்டாலும் உடலை முதலில் அடங்கச் செய்ய நம்மால் முடியும். ருகூவில் முதுகு நிலைத்த பிறகு தஸ்பீஹை (மும்முறை சொல்லும் இறைத்துதியை) தொடங்குங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல், ஒவ்வொன்றாக, அதன் பொருள் நெஞ்சில் படும்வரை சொல்லுங்கள். ஓசையின்றிக் கண்ணீர் வழிவதால் தொழுகை முறிவதில்லை. அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸுஜூதில்தான் என்று ஹதீஸ் இருக்கும்போது, நீங்கள் அழுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எது?

தஞ்சைச் செவிலி:
உறக்கமின்மை பற்றி நீங்கள் எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. 1095-இல் பக்தாதின் மிகப் பெரிய ஆசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலிக்குப் பேச நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய் என்றார்கள். அவரே அதைப் பின்னாளில் மறைக்காமல் எழுதி வைத்தார். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான். மாதக்கணக்கில் உறக்கம் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தம்பி. மருந்து உண்பதால் தவக்குல் (அல்லாஹ்வையே சார்ந்திருத்தல்) குறைந்துவிடாது.

தேடல்:
அனைவருக்கும் ஜஸாக்கல்லாஹு கைரன். நேற்று இஷா எனும் இரவுத் தொழுகையில் ருகூவில் நின்று நிதானித்துச் சொன்னேன். ஸுஜூதில் வழக்கம்போல் கண்ணீர் வந்தது. இம்முறை பயந்து எழவில்லை, தஸ்பீஹ் முடியும்வரை அந்த வெளுத்த இடத்திலேயே நெற்றி இருந்தது. அக்கா சொன்னபடி திங்கட்கிழமை மருத்துவரிடம் செல்கிறேன். அத்தாவுக்காக துஆ செய்யுங்கள்.