சென்ட்ஓஎஸ் 7-ல் சிபேனல் இன்ஸ்டாலர் நின்றுவிடுகிறது: ஓஎஸ் சோதனையைத் தாண்டி ஓட்டலாமா?

நீலத்திரை:
கேவிஎம்-ல் ஓடும் விஎம் (மெய்நிகர் சர்வர்) ஒன்று. 2 கோர், 2 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், சென்ட்ஓஎஸ் 7. வெப் சர்வர் என்ஜின்எக்ஸும் டேட்டாபேஸ் மரியாடிபியும் ஏற்கெனவே ஓடுகின்றன; சில தளங்களும் இருக்கின்றன. இதன்மேல் சிபேனல் (தளங்களை நிர்வகிக்கும் பேனல்) போட வேண்டும். ஆரம்பத்திலேயே ஓஎஸ்-க்கு ஆதரவு இல்லை என்று இன்ஸ்டாலர் நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்டில் அந்தச் சோதனையை மட்டும் எடுத்துவிட்டால் போதுமா? வேறு எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க வேண்டும்?

வேர்க்கணு:
எடுக்காதீங்க. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்தது. சிபேனலில் 110-தான் அதை ஏற்ற கடைசிப் பதிப்பு. சோதனையைத் தாண்டினாலும் அடுத்த படியில் மாட்டுவீங்க. ஜிலிப்சி (புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி) சென்ட்ஓஎஸ் 7-ல் 2.17, சென்ட்ஓஎஸுக்கு மாற்றான அல்மாலினக்ஸ் 8-ல் 2.28, 9-ல் 2.34. புதியதில் கட்டிய பைனரியைப் பழையதில் ஓட்டினால், தேவையான ஜிலிப்சி பதிப்பு இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அதற்குள் பாதி பேக்கேஜ்கள் இறங்கியிருக்கும். சிபேனலுக்கு அன்இன்ஸ்டாலர் கிடையாது, ஓஎஸ்-ஐ அழித்துத்தான் மீள வேண்டும். அப்போது உங்க தளங்களும் சேர்ந்து போகும்.

ஏற்கெனவே சேவைகள் ஓடும் சர்வர்மேல் பேனலைப் போடுவதும் சரிவராது. 80, 443, 3306 போர்ட்டுகளைப் பேனல் தன் சேவைகளுக்குக் கேட்கும். தனியாகப் புது விஎம் எடுத்து, அதில் மினிமல் ஓஎஸ் மட்டும் போடுங்க. டேட்டாபேஸை டம்ப் (எஸ்க்யூஎல் கோப்பாக ஏற்றுமதி) எடுத்துக் கொண்டுபோங்க. டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுக்காதீங்க. அங்கே மரியாடிபி பதிப்பு குறைவாக இருந்தால் அது திறக்காமலே போகலாம்.

இரவுக்காவல்:
புது விஎம்-ல் முதலில் பார்க்க வேண்டியது சிபியு வகை. ரேம், டிஸ்க் எல்லாரும் பார்ப்பார்கள், இதை விட்டுவிடுவார்கள். அல்மாலினக்ஸ் 9-க்கு எக்ஸ்86-64-வி2 நிலை, அதாவது சில கூடுதல் சிபியு கட்டளைகள், வேண்டும். ஹோஸ்டில் புது பிராசஸர் இருந்தும், விஎம்-க்கு கேவிஎம்64 என்ற வகை கொடுத்திருந்தால் விஎம்-க்குள் ஓடும் ஓஎஸ்-க்கு அவற்றில் எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி இரண்டும் தெரியாது. பூட் ஆகும்போதே ஜிலிப்சி பிழையோடு நின்றுவிடும். விஎம்களை நிர்வகிக்கும் புரோக்ஸ்மாக்ஸில், 8-ஆம் பதிப்புக்கு முன் உருவாக்கிய விஎம்களில் இயல்புநிலையே கேவிஎம்64தான்.

இப்போதைய சென்ட்ஓஎஸ் 7-லேயே எல்எஸ்சிபியு கட்டளை கொடுத்து ஃபிளாக்ஸ் வரியில் இந்த இரண்டையும் தேடுங்க. இல்லையென்றால் சிபியு வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றி, விஎம்-ஐ முழுக்க நிறுத்திவிட்டுத் தொடங்குங்க. உள்ளிருந்து ரீபூட் கொடுத்தால் மாற்றம் ஏறாது. ஏஆர்எம் விஎம் எடுத்துவிடாதீங்க, சிபேனல் எக்ஸ்86-64-ல் மட்டும்தான் ஓடும்.

நீலத்திரை:
ஃபிளாக்ஸில் இரண்டுமே இல்லை. சிபியு வகையை மாற்றிவிட்டுப் புது விஎம்-ல் அல்மாலினக்ஸ் 9 போடுகிறேன். 2 ஜிபி ரேம் தாங்குமா?

வேர்க்கணு:
கிளாம்ஏவி (வைரஸ் ஸ்கேனர்) இல்லாமல் இழுத்துப்பிடித்து ஓடும். கிளாம்ஏவி-யின் சிக்னேச்சர்கள் மட்டுமே 1 ஜிபிக்கு மேல் எடுக்கும். புதுப்பித்து மீண்டும் ஏற்றும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து நினைவகத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் புரோகிராம்களை நிறுத்தும் கெர்னல் வசதி) பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல்-ஐத்தான் கொல்லும். வைரஸ் ஸ்கேன் வேண்டுமென்றால் 4 ஜிபிக்குப் போங்க.

ஹோஸ்ட்நேம் முழு டொமைன் வடிவில் இருக்க வேண்டும். வெறும் 'சர்வர்1' ஆகாது, இன்ஸ்டாலர் அங்கேயே நிற்கும். அந்தப் பெயர் நீங்க ஹோஸ்ட் செய்யப்போகும் எந்தத் தளத்தின் பெயராகவும் இருக்கக் கூடாது. எஸ்ஈலினக்ஸை (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) முன்பே அணைத்து ரீபூட் செய்துவிடுங்க.

இரவுக்காவல்:
டெம்ப் டைரக்டரி தனி பார்ட்டிஷனா என்றும் பாருங்க. நோஎக்ஸெக்கோடு (அதிலிருந்து புரோகிராம் ஓட்டத் தடை) மவுன்ட் ஆகியிருந்தால் ரூட்டாக இருந்தாலும் 'பெர்மிஷன் டினைடு' வரும், ஏனென்றால் இன்ஸ்டாலர்கள் தம் கோப்புகளை அங்கே விரித்து ஓட்டும். எக்ஸெக்கோடு ரீமவுன்ட் செய்து, வேலை முடிந்ததும் பழையபடி மாற்றுங்க.

ரூட் பார்ட்டிஷனின் ஃபைல்சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் கோட்டா (பயனருக்கான டிஸ்க் வரம்பு) ரீமவுன்டில் வராது. கெர்னல் பூட் வரியில் ரூட்ஃபிளாக்ஸாக யூகோட்டா சேர்த்து ரீபூட் செய்ய வேண்டும். தளங்கள் ஏறிய பிறகு ரீபூட்டுக்கு நேரம் தேடுவதைவிட இப்போதே சேர்த்துவிடுங்க. விஎம் நேட்டுக்குப் (உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றும் ஏற்பாடு) பின்னால் இருந்தால், லைசென்ஸ் வாங்கும்போது வெளியே தெரியும் ஐபியைக் கொடுங்க, விஎம்-க்குள் காட்டும் ஐபியை அல்ல.